வாசகர் கேள்வி பதில்: தகவமைப்புக் கட்டுப்பாடு எதுவரை தாங்கும்?

தகவமைப்புக் கட்டுப்பாட்டைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருவதால், அவற்றை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறேன். தான் கட்டுப்படுத்தும் அமைப்பின் அளவுருக்களை முன்கூட்டி அறியாத ஒரு கட்டுப்படுத்தி, இயங்கும்போதே பிழையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதுதான் தகவமைப்புக் கட்டுப்பாடு. நாம் எழுதிய சமன்பாட்டுக்குள் வராத சிறு இடையூறுகளும் வேக இயக்கங்களும் குறுக்கிட்டாலும் அது சிதறாமல் வேலை செய்யும் பண்பை இங்கே தாங்குதிறன் என்று அழைக்கிறேன்.

கேள்வி: நேரியல் அமைப்புகளுக்கான தகவமைப்புக் கட்டுப்பாட்டில் எல்லாச் சமிக்ஞைகளும் வரம்புக்குள் இருக்கும் என்றும், பிழை சுழியை அணுகும் என்றும் வகுப்பில் நிரூபித்தார்கள். நிரூபணமே இருக்கும்போது தாங்குதிறனைப் பற்றித் தனியாக ஏன் கவலைப்பட வேண்டும்? (முதுநிலைப் பொறியியல் மாணவி)

பதில்: நிரூபணம் சரியானது, அதில் ஐயம் வேண்டாம். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்பதை வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

1950களின் இறுதியில் விட்டேக்கரும் அவருடைய குழுவினரும் விமானத் தானியங்கிகளுக்காக உருவாக்கிய முதல் விதி, பிழையின் இருபடியைக் குறைக்கும் திசையில் அளவுருவை நகர்த்து என்ற எளிய எண்ணத்தில் எழுந்தது. அந்த விதி சில சூழல்களில் நிலைகுலையும் என்று 1966-இல் பார்க்ஸ் காட்டினார். ஆற்றலைப் போன்ற ஓர் அளவு ஒருபோதும் கூடாது என்று காட்டி நிலைப்பை நிரூபிக்கும் லியாபுனோவ் முறையிலிருந்து விதியையே வருவித்தால் அந்தக் குறை நீங்கும் என்பதையும் அவரே காட்டினார். அதற்குப் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், பொதுவான நேரியல் அமைப்புக்கு முழு நிரூபணம் தேடும் முயற்சியில் கழிந்தன. 1980-ஐ ஒட்டி நரேந்திரா, லின், வலவானி ஆகியோரும், மோர்ஸும், குட்வின், ராமாட்ஜ், கெய்ன்ஸ் ஆகியோரும் வெவ்வேறு வழிகளில் அதை எட்டினார்கள். நீங்கள் வகுப்பில் கண்டது அந்தப் பரம்பரையில் வந்த நிரூபணம்தான்.

அதன் நிபந்தனைகள் நான்கு. அமைப்பின் வரிசைக்கு, அதாவது அதை விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டின் வரிசைக்கு, ஒரு மேல்வரம்பு தெரிந்திருக்க வேண்டும். உள்ளீட்டை வெளியீட்டோடு இணைக்கும் பின்னத்தின் பகுதியைச் சுழியாக்கும் மதிப்புகளைத் துருவங்கள் என்றும், தொகுதியைச் சுழியாக்குபவற்றைச் சுழிகள் என்றும் அழைப்பார்கள். துருவங்களின் எண்ணிக்கைக்கும் சுழிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். சுழிகள் அனைத்தும் நிலைப்பான பகுதியில் இருக்க வேண்டும். உயர் அதிர்வெண் பெருக்கத்தின் குறி, அதாவது உள்ளீட்டின் மிக வேகமான மாற்றத்துக்கு வெளியீடு எந்தத் திசையில் நகரும் என்பது, தெரிந்திருக்க வேண்டும். பாடப் புத்தகம் எண்ணிட்டுக் காட்டும் நிபந்தனைகள் இவைதாம். எண்ணிடப்படாத ஐந்தாவது ஒன்றும் உண்டு: சமன்பாட்டில் எழுதாத எதுவும் அமைப்பில் இல்லை என்பது. உண்மையான எந்த இயந்திரமும் இந்த ஐந்தாவது நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை. வால்வுக்கு ஒரு தாமதம் இருக்கும், சென்சாருக்கு ஒரு வடிகட்டி இருக்கும், தண்டுக்குச் சிறு நெகிழ்வு இருக்கும். அந்தத் தாமதத்தையும் நெகிழ்வையும் கணக்கில் சேர்த்தால், வரிசையைப் பற்றியும் துருவ, சுழி வேறுபாட்டைப் பற்றியும் நாம் நம்பியிருந்த முதல் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே உடைந்துவிடுகின்றன.

நிலையான பெருக்கம் (பிழையைப் பெருக்கும் எண்) கொண்ட நேரியல் கட்டுப்படுத்தியில் இது பெரிய ஆபத்தன்று. நிலைப்பில் சிறிது மிச்சம் வைத்து வடிவமைத்தால் சிறு முரண்கள் சிறு விளைவையே தரும். தகவமைப்புக் கட்டுப்படுத்தியோ, நேரியல் அமைப்பைக் கட்டுப்படுத்தினாலும், தன்னளவில் நேரியல் அல்லாதது. அதன் அளவுருக்கள் பிழையின் தொகையீட்டால் நகர்கின்றன. தொகையீடு எதையும் மறப்பதில்லை. ஆகவே மிகச் சிறிய முரணும் காலப்போக்கில் பெரிதாகச் சேர இடமுண்டு. அடுத்த வாசகர் அதைத் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

கேள்வி: பயிற்சிக்காக ஒரு சிமுலேஷன் செய்தேன். வெளியீடு மாறும் வேகம் என்பது, எதிர்க்குறியிட்ட வெளியீடு, ஆக்சுவேட்டர் (கட்டளையைச் செயலாக மாற்றும் கருவி) தரும் செயலின் இரு மடங்கு, 0.5 அளவுள்ள நிலையான இடையூறு ஆகிய மூன்றின் கூட்டல். ஆக்சுவேட்டருக்கு இயல் அதிர்வெண் நொடிக்கு 15.1 ரேடியன், தணிப்பு விகிதம் ஏறத்தாழ 1. வெளியீட்டைச் சுழியில் நிறுத்துவதே நோக்கம். கட்டளை என்பது வெளியீட்டைப் பெருக்கத்தால் பெருக்கி எதிர்க்குறி இட்டது. பெருக்கம் சுழியில் தொடங்கி, வெளியீட்டின் இருபடிக்குச் சமமான வேகத்தில் வளர்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் அருமையாக இயங்கிய சுற்று, பிறகு திடீரென்று அலைபாய்ந்து எண்களே வெடித்துவிட்டன. நிரலில் பிழை இருக்கிறதா? (கருவியியல் துறைப் பணியாளர்)

பதில்: நிரலில் பிழை இல்லை. நீங்கள் கண்டது அளவுரு நகர்வு என்ற நிகழ்வு. இவ்வளவு பொறுமையாக எட்டு மணி நேரம் ஓடவிட்டதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும், ஏனெனில் பலர் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டால் முழுக் கதையையும் கையாலேயே கணக்கிடலாம். பெருக்கம் மெதுவாக மாறுவதால், ஒவ்வொரு கணத்திலும் வெளியீடு தன் நிலையான மதிப்பில் இருப்பதாகக் கொள்ளலாம். அந்த மதிப்பு, 0.5-ஐ ‘ஒன்றுடன் பெருக்கத்தின் இரு மடங்கைக் கூட்டிய தொகை’யால் வகுத்தது. இடையூறு நிலையானது என்பதால் வெளியீடு ஒருபோதும் முழுச் சுழியாவதில்லை. அதன் இருபடியோ எப்போதும் நேர்க்குறியே. எனவே பெருக்கம் ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. தொகையிட்டுப் பார்த்தால், அந்தத் தொகையின் மும்மடி ‘ஒன்றுடன் காலத்தின் 1.5 மடங்கைக் கூட்டியது’ என்று வரும். இதன்படி பெருக்கம் 1-ஐ அடைய சுமார் 17 நொடி, 5-ஐ அடைய ஏறத்தாழ 15 நிமிடம், 10-ஐ அடைய ஒரு மணி 43 நிமிடம் ஆகும்.

அடுத்து, உங்கள் ஆக்சுவேட்டரையும் சேர்த்தால் மூடிய சுற்று மூன்றாம் வரிசை அமைப்பாகிறது. சமன்பாட்டின் குணகங்களைக் கொண்டே நிலைப்பைச் சரிபார்க்கும் ரௌத் சோதனையைப் போட்டுப் பாருங்கள்: பெருக்கம் 17.03-ஐத் தாண்டினால் அது நிலைகுலைகிறது. மேலே சொன்ன வாய்ப்பாட்டில் 17.03-ஐப் போட்டால் சுமார் 28,700 நொடி வரும். அதாவது எட்டு மணி நேரம். வரம்பைக் கடந்த கணமே திரையில் எதுவும் தெரியாது; அலைவு கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு வளரக் கூடுதலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். புலப்பட்ட பிறகு மீட்சி கிடையாது. அலைவு வெளியீட்டின் இருபடியைப் பெருக்குகிறது, அது பெருக்கத்தை இன்னும் வேகமாக ஏற்றுகிறது, ஏறிய பெருக்கம் அலைவை மேலும் வளர்க்கிறது.

இதில் நான் உங்கள் கவனத்தை நிறுத்த விரும்பும் இடம் ஏழாவது மணி நேரம். அப்போது வெளியீடு 0.015-க்கும் கீழே இருக்கிறது. தொடங்கியபோது இருந்ததைவிட எவ்வளவோ மேல். திரையைப் பார்ப்பவர் எவரும் கட்டுப்பாடு நிமிடத்துக்கு நிமிடம் மேம்படுகிறது என்றே சொல்வார். அதே வேளையில் சுற்று தன் நிலைப்பு எல்லையை நோக்கிச் சீராக நடந்துகொண்டிருக்கிறது. வெளியீட்டின் வரைபடத்தில் அதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. பெருக்கத்தின் வரைபடத்தில் மட்டுமே உண்டு. எனவே தகவமைப்பு அமைப்பைச் சோதிக்கும்போது அளவுருக்களின் வரைபடத்தை எப்போதும் வெளியீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

காரணம் என்ன? உங்கள் கற்றல் விதி, தான் காணும் பிழை முழுவதும் பெருக்கம் போதாமையால் வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே பிழை வந்தது இடையூறால். எந்தப் பெருக்கத்தாலும் முழுமையாக நீக்க முடியாத பிழைக்குப் பெருக்கத்தையே திருத்திக்கொண்டிருந்தால் அந்தத் திருத்தத்துக்கு முடிவே இராது.

கேள்வி: அளவுரு நகர்வைத் தடுக்கச் செயலற்ற மண்டலம், சிக்மா கசிவு, எல்லைக்குள் நிறுத்துதல் எனப் பல முறைகள் சொல்லப்படுகின்றன. இவற்றில் எது சிறந்தது? (கல்லூரி விரிவுரையாளர்)

பதில்: மேலே உள்ள உதாரணத்திலேயே மூன்றையும் போட்டுப் பார்ப்போம், ஒவ்வொன்றும் எதைக் கொடுத்து எதை வாங்குகிறது என்பது எண்களிலேயே தெரிந்துவிடும்.

செயலற்ற மண்டலம் என்பது, பிழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கற்பதை நிறுத்திவிடுவது. அந்த அளவு 0.1 என்று வைத்தால், பெருக்கம் 2-ஐ எட்டும்போது வெளியீடு 0.1 ஆகிறது, அது நிகழ்வது சுமார் 83-ஆம் நொடியில். அதன் பிறகு பெருக்கம் அசையாது. எட்டு மணி நேரத்தில் வரவேண்டிய விபத்து இரண்டு நிமிடத்துக்குள் ரத்தாகிறது. ஆனால் மண்டலத்தின் அகலத்தைத் தீர்மானிக்க இடையூறு எவ்வளவு பெரியது என்று தெரிந்திருக்க வேண்டும். குறைத்து மதிப்பிட்டால் நகர்வு வெகுதூரம் போகும். கூட்டி மதிப்பிட்டால் கற்றல் நடக்கவே நடக்காது.

எல்லைக்குள் நிறுத்துதல், அளவுரு நாம் வரைந்த எல்லையைத் தொட்டதும் அதை வெளியே போகவிடாமல் பிடிப்பது. எல்லையை 10 என்று வைத்தால், ஒரு மணி 43 நிமிடத்தில் பெருக்கம் அங்கே வந்து நிற்கும், வெளியீடு 0.024-இல் அமரும். மூன்றில் மிகச் சிறிய பிழையைத் தருவது இதுதான். 17.03 என்ற வரம்பு நமக்குத் தெரிந்திருந்ததால்தான் 10 என்று துணிந்து வைத்தோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிக்மா கசிவு, அயோனோவும் கோகோடோவிச்சும் முன்வைத்தது. கற்றல் விதியில், அளவுருவுக்கு விகிதமான ஒரு சிறு இழுப்பு சுழியை நோக்கிச் சேர்க்கப்படுகிறது. சிக்மாவை 0.01 என்று எடுத்தால் ஏறும் வேகமும் கசியும் வேகமும் பெருக்கம் ஏறத்தாழ 1.5 ஆகும்போது சமமாகின்றன, வெளியீடு 0.12-க்கு அருகில் நிற்கும். இடையூறின் அளவு தெரியாமலேயே இது வேலை செய்கிறது; அதுவே இதன் பெரிய கவர்ச்சி. இடையூறே இல்லாத நல்ல நாளிலும் இழுப்பு தொடர்கிறது என்பதே இதற்குக் கொடுக்கும் விலை. பிழையின் அளவைக் கொண்டு இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் மாற்றத்தை நரேந்திராவும் அன்னசுவாமியும் 1987-இல் தந்தார்கள். அது இந்த விலையைச் சற்றுக் குறைக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், அளவுருக்கள் இருக்கக்கூடிய எல்லையைப் பற்றி இயற்பியல் வழியாக ஏதேனும் தெரிந்திருக்கும் எந்த இடத்திலும் எல்லைக்குள் நிறுத்துதலையே முதலில் எடுப்பேன். மோட்டாரின் நிலைமத்தன்மை எதிர்க்குறியில் இருக்க முடியாது, வெப்ப உலையின் காலமாறிலி (அது மாறிவர எடுக்கும் காலத்தின் அளவு) ஒரு நொடியாக இருக்க முடியாது என்பன போன்ற அறிவு நம்மிடம் எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்திக்குச் சொல்லாமல் மறைத்து, எல்லாவற்றையும் நீயே கண்டுபிடி என்று விடுவதில் ஒரு பெருமையும் இல்லை. இவற்றோடு இயல்பாக்கலும் வேண்டும்: கற்றலைத் தூண்டும் பிழையை, சுற்றில் ஓடும் சமிக்ஞைகளின் மொத்த அளவால் வகுத்துவிடுவது. எழுதப்படாத வேக இயக்கங்களால் வரும் பிழை, சமிக்ஞை பெரிதானால் தானும் பெரிதாகும்; வகுத்த பிறகு அது வரம்புள்ள சிறு இடையூறு போலாகிவிடுகிறது. இந்த வகுத்தல் இல்லாவிட்டால் மேற்சொன்ன மூன்றும் வரம்புள்ள இடையூறுக்கு எதிராக மட்டுமே முழுக் காவல் தரும்.

கேள்வி: கசிவு சேர்த்த பிறகு என் சுற்றில் நீண்ட அமைதியும் இடையிடையே திடீர் வெடிப்புகளும் வருகின்றன. இடையூறு எதுவும் இல்லை. ஏன்? (ஆய்வு மாணவர்)

பதில்: உங்கள் அமைப்பு கட்டுப்பாடு இல்லாவிட்டால் நிலைகுலையும் வகையைச் சேர்ந்தது என்று ஊகிக்கிறேன். முந்தைய உதாரணத்தில் ஆக்சுவேட்டரை நீக்கி, இடையூறையும் நீக்கி, வெளியீட்டின் எதிர்க்குறியை மட்டும் நேர்க்குறியாக்குங்கள். இப்போது சுற்று நிலைபெறப் பெருக்கம் 0.5-க்கு மேல் இருந்தாக வேண்டும். வெளியீட்டை 1-இல் தொடங்கினால் பெருக்கம் விரைவாக 1.37-க்கு அருகில் ஏறுகிறது, வெளியீடு சுழிக்கு மிக நெருங்குகிறது, கற்க எதுவும் மீதமில்லை. ஆனால் 0.01 அளவுள்ள கசிவு ஓய்வதில்லை. சுமார் நூறு நொடியில் அது பெருக்கத்தை 0.5-க்கு இறக்கிவிடுகிறது, அதற்குக் கீழே வெளியீடு மீண்டும் வளரத் தொடங்குகிறது. முன்பு மிகமிகச் சிறியதாகிவிட்டதால் அது கண்ணுக்குத் தெரிய இன்னும் நூற்றைம்பது நொடி ஆகும். எனவே இரைச்சலே இல்லாத கணக்கில் ஏறத்தாழ 250 நொடி அமைதி, பிறகு வெளியீடு 0.5-ஐத் தாண்டும் ஒரு வெடிப்பு, மறுபடி ஏற்றம், மறுபடி கசிவு.

ஆண்டர்சன் 1985-இல் இத்தகைய வெடிப்புகளை, போதிய தூண்டல் (அளவுருக்களை வெளிப்படுத்தும் அளவுக்கு மாறும் உள்ளீடு) இல்லாமையோடு தொடர்புபடுத்தி விளக்கினார். கசிவு இல்லாத அமைப்பிலும் இவை வரலாம் என்பது அதில் முக்கியமான செய்தி. அமைதியாக இருக்கும் சுற்றில் தகவல் இல்லை. தகவல் இல்லாத நேரத்தில் அளவுருக்கள் இரைச்சலோடு எங்கு வேண்டுமானாலும் மிதந்து செல்லும். இலக்கு உள்ளீட்டில் போதிய எண்ணிக்கையில் வெவ்வேறு அதிர்வெண்கள் தொடர்ந்து இருந்தால், அளவுருப் பிழை அடுக்குக்குறி வேகத்தில் குறையும். அப்படிக் குறையும் அமைப்பு சிறு இடையூறைத் தானே தாங்கும். இரண்டு அளவுருக்களுக்கு ஒரு சைன் அலை போதும், நான்குக்கு இரண்டு வேண்டும் என்பது தோராயமான கணக்கு. அப்படித் தூண்ட முடியாத இடங்களில், தூண்டல் இல்லாத நேரம் முழுவதும் கற்றலையும் கசிவையும் சேர்த்தே நிறுத்திவையுங்கள். கசிவைச் சுழியை நோக்கி அல்லாமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல மதிப்பை நோக்கி இழுக்கச் செய்வதும் உதவும்.

கேள்வி: நிறையத் தூண்டினால் நல்லது என்றால், உயர் அதிர்வெண்ணில் வலுவாகத் தூண்டலாமா? ரோர்ஸ் உதாரணம் அதற்கு எதிராக எதையோ சொல்வதாகக் கேள்விப்பட்டேன். (வாசகி ஒருவர்)

பதில்: கூடாது என்பதையே அது சொல்கிறது. இரண்டாவது கேள்வியில் வந்த எண்கள் அந்த உதாரணத்துக்கு உரியவைதாம். ரோர்ஸ், வலவானி, ஏதன்ஸ், ஸ்டெய்ன் ஆகிய நால்வரும் அதை 1982-இல் ஒரு மாநாட்டில் முன்வைத்து, 1985-இல் விரிவாக வெளியிட்டார்கள். 1980-இன் நிரூபணத்தில் பங்கேற்ற வலவானியே, அந்த நிரூபணத்தின் எல்லையைக் காட்டிய கட்டுரையிலும் இருக்கிறார் என்பதை நான் மதிப்புடன் குறிப்பிடுகிறேன். தன் துறையின் வெற்றியைத் தானே சோதித்துப் பார்க்கும் நேர்மை அது.

அமைப்பை முதல் வரிசையாகக் கருதித் தகவமைப்புக் கட்டுப்படுத்தியை வடிவமைத்தார்கள். உண்மையில் அதில் நன்கு தணிந்த இரண்டு வேகத் துருவங்கள் கூடுதலாக இருந்தன. இலக்கு உள்ளீடாக 0.3 என்ற நிலையான அளவுடன், நொடிக்கு 16.1 ரேடியனில் 1.85 வீச்சுள்ள சைன் அலையைச் சேர்த்தபோது சுற்று சிதறியது. உள்ளீட்டை 2 என்று நிலையாக வைத்து, வெளியீட்டில் அதே அதிர்வெண்ணில் 0.5 வீச்சுள்ள இடையூறைச் சேர்த்தபோதும் பெருக்கம் மெதுவாக நகர்ந்து இறுதியில் சிதறியது. நொடிக்கு 16.1 ரேடியன் என்பது தற்செயலான எண் அன்று. மூன்று துருவங்களும் சேர்ந்து சரியாக 180 பாகை கட்டப் பின்னடைவை (உள்ளீட்டு அலைக்கு வெளியீட்டு அலை பின்தங்குவதை) தரும் அதிர்வெண் அதுவே.

இதை அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். கற்றல் விதி ஒவ்வொரு கணமும் செய்வது, பிழையையும் அளந்த சமிக்ஞையையும் பெருக்கிச் சராசரி எடுப்பதற்கு ஒப்பானது. அளவுருவைச் சற்று மாற்றினால் வெளியீடு ஏறத்தாழ அதே திசையில் நகரும் என்று அது நம்புகிறது. கட்டப் பின்னடைவு 90 பாகைக்குள் இருக்கும் வரை அந்தச் சராசரியின் குறி சரியாக இருக்கும். 90-ஐத் தாண்டினால் குறி புரண்டுவிடும், குறைக்க வேண்டிய இடத்தில் விதி கூட்டும். முதல் வரிசை அமைப்பின் பின்னடைவு எந்த அதிர்வெண்ணிலும் 90 பாகையை எட்டுவதில்லை என்பதால் பாடப் புத்தகத்தில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. வேகத் துருவங்களைச் சேர்த்து, பெருக்கத்தை விரும்பத்தக்க மதிப்பான 1-இல் வைத்துக் கணக்கிட்டால், மூடிய சுற்று நொடிக்கு 4.7 ரேடியனிலேயே 90 பாகையைத் தாண்டிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள சமிக்ஞை சரியாகக் கற்பிக்கிறது, மேலே உள்ளது தவறாகக் கற்பிக்கிறது. இறுதியில் எது வெல்லும் என்பது எதன் ஆற்றல் அதிகம் என்பதைப் பொறுத்தது. கற்றல் மெதுவாக நடக்கும்போது இது துல்லியமான கூற்றாகவே நிற்கிறது. சராசரிக் கோட்பாட்டின் வழியாக ரீடிலும் கோகோடோவிச்சும் பிறரும் 1980களில் இதை நிறுவினார்கள்.

ஆகவே தூண்டல் வேண்டும். ஆனால் நம் மாதிரி உண்மையோடு ஒத்துப்போகும் தாழ்ந்த அதிர்வெண்களில் வேண்டும். அதற்கு மேலுள்ளதைக் கற்றல் விதிக்குள் நுழையும் முன்பே வடிகட்டிவிடுவது நல்லது.

கேள்வி: தகவமைப்புக் கட்டுப்பாட்டால் எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானம் விழுந்தது என்று சொல்வது சரியா? (பள்ளி ஆசிரியர்)

பதில்: அப்படி ஒரே வரியில் சொல்வது நியாயமாகாது. 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டிய மூன்றாம் எக்ஸ்-15 விமானம் 2,66,000 அடி உயரத்தை எட்டிய பின் திசை விலகி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் சுழலில் சிக்கியது. மேலேறும்போதே ஏற்பட்ட மின் இடையூறும் விமானத்தின் திசையைத் தவறாகப் புரிந்துகொள்ள நேர்ந்ததும் அதற்கு முன்னரே நிகழ்ந்தவை. சுழலிலிருந்து விமானம் வெளிவந்தது. ஆனால் அந்த வேளையில் எம்எச்-96 என்ற தகவமைப்புக் கட்டுப்பாடு வரம்பு வட்ட அலைவில், அதாவது வளராமலும் ஓயாமலும் தொடரும் அலைவில், நுழைந்தது. கீழிறங்க இறங்கக் காற்றின் அழுத்தம் கூடும்போது பெருக்கம் குறைந்திருக்க வேண்டும். அலைவு அதைக் குறையவிடவில்லை. விமானம் காற்றிலேயே உடைந்தது, ஆடம்ஸ் உயிரிழந்தார்.

அந்தக் கருவி, நாம் மேலே பேசிய லியாபுனோவ் வகையைச் சேர்ந்ததன்று. சுற்று அலைவின் விளிம்புக்கு வரும் வரை பெருக்கத்தை ஏற்றி, அலைவின் அளவைக் கொண்டு அதைக் கூட்டிக் குறைப்பது அதன் முறை. அதற்கு முன் பல பறத்தல்களில் நன்றாகவே பணியாற்றியதும் அதே கருவிதான்.

கேள்வி: எல்1 தகவமைப்புக் கட்டுப்பாடு இந்தச் சிக்கல்களை எல்லாம் தீர்த்துவிட்டதா?

பதில்: ஹோவாகிமியானும் காவும் 2006 முதல் வளர்த்த அந்த முறை, வேகமாகக் கற்று, கட்டளையை மட்டும் தாழ்அதிர்வெண் வடிகட்டி வழியே அனுப்புகிறது. ஆக்சுவேட்டரால் செய்ய இயலாததைக் கேட்காதிருப்பது நல்ல எண்ணம். அதன் உரிமைகோரல்களை இத்துறையின் மூத்த ஆய்வாளர்கள் சிலர் 2014-இல் கடுமையாக மறுத்து எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பையும் படித்தபின் முடிவெடுங்கள். என் பார்வையில், வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பழைய சமரசத்தையே வேறு இடத்தில் வைக்கிறது.

கேள்வி: இவ்வளவு காவல் தேவைப்படும் முறையைவிட, தாங்குதிறன் கொண்ட நிலையான கட்டுப்படுத்தியே போதாதா? (ஓய்வுபெற்ற பொறியாளர்)

பதில்: ஐயா, பல நேரங்களில் போதும், போதும் என்னும்போது அதையே போடுங்கள். இரண்டாவது கேள்வியின் அமைப்புக்கு, பெருக்கத்தை 5 என்று நிறுத்திவைத்தால் வெளியீடு 0.045-இல் அமைதியாக இருக்கும், நிலைப்பு வரம்போ மூன்று மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கும். அங்கே கற்க வேண்டிய தேவையே இல்லை.

தேவை எழுவது, தெரியாத அளவுருவின் வீச்சு மிகப் பெரிதாகி, எந்த ஒரு பெருக்கமும் முழு வீச்சுக்கும் பொருந்தாதபோது. அந்த அமைப்பில் 2 என்றிருந்த எண், இயங்கும் சூழலைப் பொறுத்து 0.1 முதல் 10 வரை மாறக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 10 ஆகும்போது நிலைப்பு வரம்பு 3.4-க்கு இறங்கிவிடுகிறது. எண் 0.1 ஆகும்போது அதே 3.4 பெருக்கம் இடையூறைக் கால் பங்குதான் குறைக்கும். ஒரே பெருக்கத்தால் இரண்டையும் நிறைவேற்ற முடியாது. இங்கே தகவமைப்பு உண்மையாகவே ஏதோ ஒன்றைத் தருகிறது.

அப்போதும் நான் செய்வது, வீச்சைச் சில துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலையான கட்டுப்படுத்தியை வடிவமைத்து, அவற்றுக்கிடையே மட்டும் தகவமைப்பால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்பது. அளவுரு எங்கே மிதந்தாலும், கையில் இருக்கும் கட்டுப்படுத்திகளில் ஒன்றைத்தான் அது தேர்ந்தெடுக்க முடியும் என்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது; மோர்ஸின் மேற்பார்வைக் கட்டுப்பாடு இந்த வழியில் சென்றது. அடிக்கடி மாறாதிருக்க, ஒருமுறை மாற்றிய பின் குறைந்தபட்சக் காத்திருப்பு நேரம் ஒன்றை வைக்க வேண்டும். அந்த நேரத்தை உங்கள் அமைப்பின் மிக மெதுவான மூடிய சுற்றுக் காலமாறிலியைப் போல் சில மடங்காக எடுத்துத் தொடங்கி, சிமுலேஷனில் மாற்றங்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.